ஓட்டப் போட்டியில் குப்பையைக் குறைக்க: தண்ணீர்ப் பந்தலில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் ஓட்டக் குழு ஆண்டுதோறும் மார்கழியில் 10 கி.மீ. சாலை ஓட்டம் நடத்துகிறது. சுமார் 800 பேர் ஓடுகிறார்கள். போன முறை சாலை நெடுகத் தண்ணீர் பாட்டில்கள், மைதானம் முழுக்க டிபன் பொட்டலங்கள். பார்க்கவே கூச்சமாக இருந்தது. இந்த முறை மூன்று யோசனைகள் வைத்திருக்கிறோம். பாட்டிலுக்குப் பதில் பேப்பர் கப், குப்பை பொறுக்கக் கூடுதலாக 50 தன்னார்வலர்கள், டோக்கியோ ஒலிம்பிக் போல மறுசுழற்சி உலோகத்தில் மெடல். இவை போதுமா?
- ஓட்டக் குழுச் செயலாளர், சிவகங்கை மாவட்டம்

பதில்: பேப்பர் கப்பை உடனே கைவிடுங்கள். தண்ணீரில் ஊறிவிடாமல் இருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதனால் அது காகிதமாகவும் மக்காது, பிளாஸ்டிக்காகவும் எடைக்குப் போகாது. பழைய இரும்புக் கடைக்காரர் வெறும் பாட்டிலையாவது வாங்கிக்கொள்வார், இதைத் தொடமாட்டார். தவிர, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஒன்று. தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

50 தன்னார்வலர்கள் நல்ல பலம். ஆனால் அவர்களைப் பொறுக்க வைக்காதீர்கள், பரிமாறவும் கழுவவும் வையுங்கள். ஓட்டத்தன்று எவ்வளவு குப்பை சேரும் என்பதை உங்கள் கொள்முதல் பட்டியல் இரண்டு மாதம் முன்பே முடிவு செய்துவிடுகிறது. வாங்காத பாட்டிலை யாரும் சாலையில் வீச முடியாது.

போன முறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதையில் நான்கு இடம், முடிவில் ஒன்று என்று பாட்டில் கொடுத்திருந்தால் 800 பேருக்கு 4,000 பாட்டில்கள். ஓடுகிறவர் ஓரிடத்தில் இரண்டு மூன்று வாய்தான் குடிப்பார். மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொள்வார், அல்லது அப்படியே வீசிவிடுவார்.

இதற்கு மாற்று எவர்சில்வர் டம்ளர். கேரளத்தில் 2015இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியையே பசுமை நெறிமுறை என்ற பெயரில் இப்படிக் கழுவிப் புழங்கும் பாத்திரங்களோடு நடத்தினார்கள். உங்கள் ஊர் ஓட்டத்துக்கு முடியாதா என்ன? கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையிலேயே டம்ளர் கிடைக்கும். ஆனால் ஓட்டத்துக்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும்.

முதலில் பாதை. வட்டமாகச் சுற்றாமல், 5 கி.மீ. போய் அதே சாலையில் திரும்புவதுபோல் அமையுங்கள். 2.5 கி.மீ.இல் ஒரு பந்தல் போட்டால் போகும்போதும் வரும்போதும் அதே பந்தல் உதவும். திரும்பும் இடத்தில் ஒன்று, மைதானத்தில் ஒன்று. மூன்றே இடத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு முறை தண்ணீர் கிடைத்துவிடும். 2019இல் லண்டன் மாரத்தானிலும் தண்ணீர் நிலையங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் பாட்டில்களை இரண்டு லட்சத்துக்கும் மேல் மிச்சப்படுத்தத் திட்டமிட்டார்கள். அங்கே ஒரு நிலையத்தில் கடற்பாசியில் செய்த, அப்படியே விழுங்கக்கூடிய சின்னப் பைகளில் பானம் கொடுத்ததுதான் உலகம் முழுக்கச் செய்தியானது. நமக்கு உதவுவது அந்தப் பை அல்ல, இந்தக் கணக்கு. ஆனால் குப்பையைக் குறைக்கிறோம் என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். மார்கழிக் காலையிலும் நம் ஊரில் நன்றாக வியர்க்கும்.

அடுத்து, 800 பேரையும் ஒரே நேரத்தில் கிளப்பாதீர்கள். 200 பேர் கொண்ட நான்கு அணிகளாக, பத்து நிமிட இடைவெளியில் விடுங்கள். கூட்டம் பரவலாக வரும்போது டம்ளரைக் கழுவித் திருப்பி வைக்க நேரம் கிடைக்கும். 2.5 கி.மீ. பந்தலுக்கு 700, மற்ற இரண்டுக்கும் தலா 400 என்று 1,500 டம்ளர் போதும். ஒரு பந்தலுக்கு ஆறு பேர் கழுவ நிற்க வேண்டும்: சோப்புத் தண்ணீர் ஒரு தொட்டி, அலச இரண்டு தொட்டி. அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. குடிக்க, ஒருவருக்கு ஒருமுறைக்கு 150 மி.லி. என்று வைத்தால் 800 பேருக்கு 120 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஆறு. முடிவிடத்தில் அதுபோல் இரண்டு மடங்கு. எல்லாம் சேர்த்து 30 கேன், கையிருப்போடு 40.

எவர்சில்வர் டம்ளர் சாலையில் உருண்டால் பின்னால் வருகிறவர் கால் பிசகிவிடும். அதனால் பந்தலைத் தாண்டி 10, 30, 60 மீட்டரில் பெரிய தொட்டிகள் வையுங்கள். அடியில் ஈரச் சாக்கு விரித்துவிட்டால் டம்ளர் துள்ளி வெளியே விழாது, நசுங்கவும் நசுங்காது. ஒவ்வொரு தொட்டியருகிலும் ஒருவர் கையை நீட்டி வாங்கிப் போட வேண்டும். ஆள் இல்லாத தொட்டியில் பாதிப் பேர் போடுவதில்லை என்பது எல்லாப் போட்டியிலும் பார்க்கிற விஷயம். பரிசுக்காக ஓடும் முன்னணி வீரர்களை நின்று குடிக்கச் சொல்வது நியாயமில்லை. அவர்கள் தங்கள் எண் ஒட்டிய சொந்த பாட்டிலை முன்பே கொடுத்துவிட்டால் திரும்பும் இடத்தில் மேசை மேல் வைத்துவிடலாம்.

இதில் கஷ்டமான வேலை டம்ளர் கழுவுவது இல்லை, விளம்பரதாரரிடம் பேசுவது. தண்ணீர் கம்பெனிக்காரர் பாட்டிலை இலவசமாகத் தருகிறேன் என்பார். குழுவில் நாலு பேர் "சும்மா வருகிறதே" என்பார்கள். அவரிடம் அதே தண்ணீரைக் கேனில் கேளுங்கள். அவர் பெயரைப் பந்தல் துணியில் பெரிதாக எழுதி வையுங்கள். சாலையோரம் நசுங்கிக் கிடக்கும் பாட்டிலில் பெயர் தெரிவதைவிட அது அவருக்கும் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு விளம்பரதாரரைத் தேடுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து.

காலை டிபனில் தொல்லை பொட்டலம்தான். பொங்கலைக் கட்டித் தராமல் பந்தி போல் நின்று பரிமாறுங்கள், வாழை இலையிலோ பாக்கு மட்டைத் தட்டிலோ. பதிவு செய்தவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள், அதனால் பதிவு எண்ணிக்கையை நம்பிச் சமைத்தால் அண்டாவோடு மிஞ்சும். முதல்நாள் மாலை எத்தனை பேர் பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கினார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கைச் சமையல்காரருக்குக் கொடுங்கள். வாழைப்பழத் தோலுக்குத் தனி வாளி. அதில் பிளாஸ்டிக் கலக்காமல் இருந்தால் மாடு வைத்திருப்பவர்களே வந்து எடுத்துப்போவார்கள்.

மெடலுக்கு வருகிறேன். டோக்கியோவில் ஜப்பான் முழுக்க 2017 முதல் 2019 வரை பழைய மின்னணுப் பொருள்களைச் சேகரித்தார்கள். சுமார் 79,000 டன் சேர்ந்தது, அதில் கைப்பேசிகள் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். அதிலிருந்து பிரித்த உலோகத்தில் சுமார் 5,000 மெடல்கள் செய்தார்கள். நாடு தழுவிய சேகரிப்பும் உருக்காலைகளும் இருந்ததால் அது நடந்தது. நீங்கள் பதிவுப் படிவத்தில் "மெடல் வேண்டாம்", "டி-ஷர்ட் வேண்டாம்" என்று இரண்டு கட்டங்கள் சேர்த்து, அதற்கேற்பக் கட்டணத்தைக் குறையுங்கள். பத்து ஓட்டம் ஓடியவர் வீட்டில் பத்து பாலியஸ்டர் டி-ஷர்ட் ஏற்கெனவே இருக்கிறது. முதல் முறை ஓடுகிறவருக்கு மெடல் பெரிய விஷயம், அவருக்குக் கட்டாயம் கொடுங்கள். மரக்கன்று கொடுப்பதாக இருந்தால் அதுவும் கேட்டு வாங்குகிறவருக்கு மட்டும். எல்லோருக்கும் கொடுத்தால் பாதிக் கன்றுகள் பிளாஸ்டிக் பையோடு நாற்காலிக்கு அடியில் கிடக்கும்.

பேனர்களிலும் கி.மீ. பலகைகளிலும் ஆண்டைப் போடாதீர்கள், பல வருஷம் வரும். 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பிவிசி பிளாஸ்டிக் பேனருக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை உள்ளது. பழைய ஃபிளெக்ஸை யாரும் எரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை நஞ்சு. சாலையில் அம்புக்குறிக்குச் சுண்ணாம்புத் தூள் போதும்.

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. கடிதத்தோடு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் சாலையைக் கூட்டப் போகிற தூய்மைப் பணியாளர்களை நேரில் பார்த்து, எந்தெந்த மூட்டை எங்கே இருக்கும் என்று சொல்லுங்கள். கையுறை கொடுங்கள், டிபனுக்கு அழையுங்கள். மூட்டைகளைக் கொடுக்கும் முன் வகைவாரியாக எடை போட்டு எழுதிக்கொண்டால் அடுத்த ஆண்டு எதைக் குறைப்பது என்று குழுவில் வாதம் வராது.

ஓட்டம் மார்கழியில் என்பது உங்களுக்கு வசதி. கல்யாணம் இல்லாத மாதம், டம்ளர்கள் கடையில் சும்மாதான் அடுக்கியிருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். தேதி தைக்குத் தள்ளிப்போகும் வாய்ப்பு இருந்தால் மட்டும் இந்த வாரமே முன்பணம் கொடுத்துவிடுங்கள். முகூர்த்த நாளில் 1,500 டம்ளர் ஒரே கடையில் கிடைக்காது.