காலாவதியான வயர்மேன் சான்றிதழ்: புதுப்பிக்கப் பயிற்சி கட்டாயமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே வசிக்கிறேன். வயர்மேன் தகுதிச் சான்றிதழ் பெற்ற பின் சவூதியில் பல ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். ஊர் திரும்பியபோது சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. இப்போது ஒரு ஒப்பந்ததாரரிடம் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். நாற்பது மணி நேரப் பயிற்சி பெறாமல் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாது என்று ஒரு தனியார் பயிற்சி மையம் கூறி, முன்பணமும் வாங்கிவிட்டது. டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனரும் அங்கே அப்படித்தான் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியில் பயிற்சியைவிட அவசரமானது, காலாவதியான சான்றிதழோடு நீங்கள் இப்போது செய்துவரும் வேலை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றிப் பொருத்துவதைத் தவிர, நுகர்வோரின் இடத்தில் செய்யப்படும் மின்னமைப்பு வேலைகள் அனைத்தையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே மேற்கொள்ள வேண்டும். அதுவும் தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில், அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதி உள்ளவரைக் கொண்டு செய்ய வேண்டும். சான்றிதழ் காலாவதியானதால் உங்கள் கைத்திறன் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்வதற்கான சட்ட அனுமதி இப்போது உங்களிடம் இல்லை. மின்சாரச் சட்டம், 2003-இன் 146ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழான உத்தரவுகளையோ ஒழுங்குமுறைகளையோ பின்பற்றாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்க இடம் தருகிறது.

அதைவிடக் கனமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் வயரிங் செய்த வீட்டில் எர்த் சரியில்லாமல் ஒருவர் உயிரிழந்தால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக ஐந்தாண்டு வரை தண்டிக்கத்தக்க வழக்கு பதிவாகலாம். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லை என்பது மட்டுமே அலட்சியத்தை நிரூபித்துவிடாது என்றாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுக்கும் ஆவணம் அதுவாகவே இருக்கும். ஆகவே புதுப்பித்து முடியும் வரை, உங்கள் ஒப்பந்ததாரர் செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ள வேறொருவரைக் கொண்டு அந்த வேலைகளைச் செய்யட்டும். புதிய இணைப்புக்கான வயரிங் அறிக்கையில் எக்காரணம் கொண்டும் நீங்கள் கையெழுத்திட வேண்டாம்.

இனி பயிற்சி. டெக்சாஸில் எலக்ட்ரீஷியன் உரிமத்தைப் புதுப்பிக்க நான்கு மணி நேரத் தொடர் கல்வி தேவை என்பது உண்மையே. மணிக்கணக்கு வேறானாலும், பயிற்சி தேவை என்ற அளவில் உங்கள் மைத்துனர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அது அந்த மாநிலத்தின் சட்டம், தக்கலையில் செல்லாது. இங்கே மின் நிலையங்களையும் மின் கடத்தல், பகிர்மான அமைப்புகளையும் இயக்கிப் பராமரிப்போருக்குப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்த விதியை வீட்டு வயரிங் செய்பவர்மேல் பொருத்திப் பேசும் குழப்பம் பரவலாக இருக்கிறது. சிலருக்கு அந்தக் குழப்பமே வருமானமாகவும் இருக்கிறது. புதுப்பித்தலுக்கு ஒரு நிபந்தனை உண்டென்றால் அது விதியிலோ அரசாணையிலோ சான்றிதழின் நிபந்தனையிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். தனியார் மையம் தன் வாய்மொழியால் அதை உருவாக்கிவிட முடியாது.

எனவே, சென்னை கிண்டியில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்திற்குப் புதுப்பித்தல் விண்ணப்பத்தை நேரடியாக அனுப்புங்கள். தாமதத்துக்கான காரணத்தை, பாஸ்போர்ட்டில் உள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகளின் நகலோடும் சவூதி நிறுவனத்தின் அனுபவக் கடிதத்தோடும் விளக்குங்கள். நம் மாவட்டத்தில் வளைகுடா சென்று திரும்பியவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல் ஒன்றையும் இப்போதே கவனியுங்கள்: பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக விரிந்திருக்கும், சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். அப்படி இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் செய்து இணையுங்கள். அசல் சான்றிதழ் தொலைந்திருந்தால் காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையும் வேண்டும்.

அதனுடன், பயிற்சியைக் கட்டாயமாக்கும் விதியோ அரசாணையோ இருந்தால் அதன் நகலைத் தருமாறு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு கொடுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணங்களைக் கொண்ட எழுத்துப்பூர்வ உத்தரவைக் கேளுங்கள், ஏனெனில் பாதிக்கப்படுபவருக்கு நிர்வாக முடிவின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பதிலே இல்லாமல் இழுத்தடிக்கப்பட்டால், முடிவெடுக்குமாறு உத்தரவிடக் கோரி, நம் மாவட்டத்துக்கு அதிகார வரம்புள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியல் சட்டப் பிரிவு 226-இன் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஆனால் முதல் நாளே மதுரைக்கு ஓட வேண்டாம். விண்ணப்பம் தபாலில் சேர்ந்ததற்கான ஒப்புகையும் நினைவூட்டுக் கடிதமும் இல்லாத மனு பலவீனமானது.

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், கேரள அரசின் ஏற்பு இல்லாமல் நம் மாநிலச் சான்றிதழ் மட்டும் அங்கே போதாது.

முன்பணத்தைப் பொறுத்தவரை, பயிற்சி கட்டாயம் என்று எந்த அடிப்படையில் சொன்னார்கள் என்பதைக் கேட்டும் பணத்தைத் திருப்பிக் கோரியும் அந்த மையத்துக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். விதி எதையும் காட்டாமல் பணத்தையும் தர மறுத்தால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத தொகை கொடுத்துப் பெற்ற சேவைக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்த ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.