நான்காம் இடமும் கடைசி இடமும்

(இந்த வாரம் முழுக்கக் கால்பந்து. ஒரு நாட்டின் அணி ஒரு தொடரில் ஆடியதை எப்போது வெற்றி என்று சொல்லலாம் என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில்.)

கேள்வி: 2019 ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. 1964-க்குப் பிறகு அந்தக் கோப்பையில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஆனால் குரூப்பில் கடைசி இடம். எங்கள் ஹாஸ்டலில் இன்னமும் இதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. அது வெற்றியா, தோல்வியா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.
*— கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

பதில்: தோல்வி.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த 4-1 எனக்கும் மிகப் பிடித்த ஆட்டம். இடைவேளை முடிந்து வந்த உடனேயே வலது பக்கம் உதாந்தா ஓடிப் பந்தை உள்ளே அனுப்ப, ஆஷிக் அதைத் தட்டிவிட, சுனில் சேத்ரி பந்தை நிறுத்தாமலே அடித்தாரே, அந்த கோலை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். அப்புறம் அனிருத் தாப்பா கோல்கீப்பரின் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிப்போட்ட மூன்றாவது கோல். மாற்று வீரராக வந்த ஜேஜே, வந்த சில நிமிடங்களிலேயே நான்காவது. அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி இல்லை அது. தாய்லாந்து மறுநாளே தன் பயிற்சியாளரை அனுப்பிவிட்டது.

இனி அந்தத் தொடரின் கணக்கைப் பாருங்கள். 16 அணிகள் ஆடிய போட்டியை அந்த முறைதான் 24 ஆக்கினார்கள். ஆறு குரூப், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளும், மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகலாம். இந்தியா அப்போது தரவரிசையில் 97. 2015-ல் 173 வரை இறங்கியிருந்த அணி அது. ஆகவே அடுத்த சுற்று என்பது பேராசை இல்லை, நியாயமான இலக்கு. இரண்டாவது ஆட்டத்தில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2 என்று தோற்றோம். அதிலும் நன்றாகவே ஆடினோம், பந்து இரண்டு முறை கிராஸ் பாரில் பட்டுத் திரும்பியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை ஜனவரி 14, ஷார்ஜாவில். பஹ்ரைனுடன் டிரா செய்தால் போதும். இன்னொரு மைதானத்தில் அமீரகமும் தாய்லாந்தும் 1-1. டிரா ஆகியிருந்தால் நமக்கும் தாய்லாந்துக்கும் தலா 4 புள்ளி. அவர்களை நேரடியாக வென்றிருப்பதால் நாம் இரண்டாம் இடம். மூன்றாம் இடத்துக் கணக்கெல்லாம் தேவையே இருந்திருக்காது. அப்படிப்பட்ட நிலையில் நம் அணி என்ன செய்தது? நேரம் போகப்போகப் பின்னுக்குப் போய், தன் பெனால்ட்டி ஏரியாவைச் சுற்றியே உட்கார்ந்துகொண்டது. வெளியே அடித்த பந்து வெளியே நிற்கவில்லை, திரும்பத் திரும்ப உள்ளே வந்தது. 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில், அன்றைய கேப்டன் பிரணாய் ஹல்தர் தாமதமாகக் காலை நீட்டினார். பெனால்ட்டி. ஜமால் ரஷீத் அடித்தார், 0-1. 3 புள்ளியுடன் கடைசி இடம். பயிற்சியாளர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன் ஆட்டம் முடிந்த கையோடு பதவி விலகினார்.

அந்த பெனால்ட்டியை துரதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாதி ஆட்டத்துக்கு எதிரணியை நம் கோலுக்கு முன்னால் நிற்க விட்டால், அப்படி ஒரு நிமிடம் எப்போது வேண்டுமானாலும் வரும். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது, பையன்களை மண்டலப் போட்டிக்கு அழைத்துப் போகும்போது பஸ் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "எந்தச் சுற்று வரை போனால் நாம சந்தோஷப்படலாம்?" அதை ஒரு நோட்டில் எழுதியும் வைப்பேன். எழுதி வைக்காவிட்டால் திரும்பி வரும்போது எதை வேண்டுமானாலும் சாதனை ஆக்கிவிடலாம். 2019-ல் நடந்தது அதுதான். "55 வருடத்துக்குப் பிறகு முதல் வெற்றி" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு, கைக்கு வந்த அடுத்த சுற்றை ஏன் விட்டோம் என்ற கேள்வியை யாரும் அழுத்திக் கேட்கவில்லை. கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்த அடுத்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட இல்லை. 2027-க்கான தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

இன்னொன்றும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். 2011-ல் தோஹாவில் மூன்று ஆட்டத்திலும் தோற்று 13 கோல் வாங்கினோம். அதை நான் தோல்வி என்று சொல்வதில்லை. 27 வருடம் கழித்து அந்த மேடை ஏறிய அணிக்கு ஆஸ்திரேலியா, தென் கொரியா, பஹ்ரைன் என்று குரூப் அமைந்தது. அங்கே அடுத்த சுற்று நம் கைக்கு எட்டவே இல்லை. 2019-ல் எட்டியது. புள்ளிப் பட்டியலில் 2019 மேலே இருக்கலாம், எனக்கு வலிப்பது அதுதான்.

கேள்வி: 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ கடைசி இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. நான்காம் இடத்துக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?
*— வாசகி, திருச்சி*

பதில்: அந்த இரண்டு ஆட்டங்களுக்கு முன்னால் நடந்ததற்காக. பெல்ஜியத்தை 2-0, ஸ்பெயினை பெனால்ட்டி ஷூட் அவுட்டில், போர்ச்சுகலை 1-0. அரையிறுதி வரை அவர்கள் வலைக்குள் போனது ஒரே ஒரு கோல், அதுவும் கனடாவுக்கு எதிராகத் தங்கள் வீரரே போட்டுக்கொண்டது. ஸ்பெயின் ஷூட் அவுட்டில் ஒன்றுகூடப் போடவில்லை: ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டை கோல்கீப்பர் போனோ பிடித்தார். உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி இதுதான். பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் தடுப்பாட்டக்காரர் அகெர்ட் ஆட்டம் தொடங்கும் முன்பே விலக, கேப்டன் சாய்ஸ் அரை மணி நேரம்கூட ஆட முடியாமல் வெளியேறினார். அதற்குப் பிறகும் அவர்கள் பயந்து பின்னால் போகவில்லை. பந்தைத் தங்கள் காலில் வைத்துக்கொண்டு முன்னேறித்தான் தோற்றார்கள். ஷார்ஜாவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பயிற்சியாளர் வாலித் ரெக்ராகுய் பொறுப்பேற்றது உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லாத நிலையில். அதனால் இதை ஒரு தனி மனிதரின் மாயமாகச் சொல்கிறார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. சலே நகரத்துக்குப் பக்கத்தில் 2009 வாக்கில் மன்னர் பெயரில் ஒரு கால்பந்து அகாடமி தொடங்கினார்கள். போர்ச்சுகலுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்ட என்-நெசிரி, நடுக்களத்தில் ஓடிக்கொண்டே இருந்த ஊனாஹி, அகெர்ட் மூவருமே அங்கே வளர்ந்தவர்கள். 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பேசி அழைத்து வந்ததும் ஒரு வேலைதான்.

அதே அளவுகோலை அவர்களுக்கும் வைக்க வேண்டும். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில், முதல் நாக் அவுட் ஆட்டத்திலேயே தென்னாப்பிரிக்காவிடம் 0-2 என்று வெளியேறினார்கள். அது தோல்வி. உலகக் கோப்பையின் பெயரைச் சொல்லி அதை மறைக்க முடியாது.

கேள்வி: 2010 உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத ஒரே அணி நியூசிலாந்து என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அவர்கள்தானே சாதித்தவர்கள்?
*— வாசகர், மதுரை*

பதில்: உண்மை. ஸ்லோவாகியாவுடன் 1-1, இத்தாலியுடன் 1-1, பராகுவேயுடன் 0-0. கோப்பை வென்ற ஸ்பெயினே முதல் ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்திடம் தோற்றிருந்தது. நியூசிலாந்து மூன்று டிராவோடு ஊர் திரும்பியது. அதற்கு முன் 1982-ல் ஆடிய ஒரே உலகக் கோப்பையில் மூன்றிலும் தோற்ற நாடு அது. நடப்புச் சாம்பியனாக வந்த இத்தாலி, அதே குரூப்பில் அவர்களுக்கும் கீழே கடைசி இடம். சாதனைதான், சந்தேகமில்லை.

கேள்வி: 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். அதுதானே நம் கால்பந்தின் உச்சம்?
*— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்*

பதில்: ஐயா, உங்கள் தலைமுறையின் பெருமையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்காம் இடத்துக்குள் இருப்பது ஒரே ஒரு வெற்றி. ஹங்கேரி விலகியதால் முதல் சுற்று ஆடாமலே கிடைத்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம், நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலும் அவருடையதே. பிறகு நான்கு வாங்கினோம். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3.

என்னைக் கேட்டால், குரூப்பில் கடைசியாக வந்த 1960 ரோம் அணியை அதற்கு மேலே வைப்பேன். ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றோம். அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கியது. பிரான்ஸுக்கு எதிராக பி.கே. பானர்ஜி கோல் போட்டு முன்னிலையில் இருந்தோம், கடைசிப் பத்து நிமிடத்தில்தான் 1-1 ஆனது. பெருவிடம் 1-3 என்று தோற்றது மட்டும் சறுக்கல். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜும் அந்த அணியில் இருந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் ரஹீம் சாப், இரண்டே வருடத்தில், பெரும்பாலும் அதே வீரர்களை வைத்து ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்தார். உச்சம் என்றால் அதுதான் உச்சம்.

கேள்வி: 2022-ல் நம் நாட்டிலேயே நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?
*— பள்ளி ஆசிரியை, கடலூர்*

பதில்: எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை, அதுதான் கொடுமை. நவி மும்பையில் ஈரானுடன் 0-0. அடுத்து சீன தைபேவுடன் ஆட வேண்டிய நாளில் கொரோனாவால் களத்தில் இறக்க 13 பேர்கூட மிஞ்சவில்லை. விதிப்படி போட்டியிலிருந்தே விலகியதாக அறிவித்து, ஈரானுடன் ஆடியதையும் செல்லாது என்று நீக்கினார்கள். உங்கள் ஊர் இந்துமதி, சந்தியா, மாரியம்மாள் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். சொந்த மண்ணில் நடந்த தொடர், அங்கிருந்து உலகக் கோப்பைக்கும் வழி இருந்தது. அவர்கள் ஆடித் தோற்றிருந்தால் ஒரு தீர்ப்பு எழுதியிருப்பேன். ஆட விடாத ஒரு தொடருக்காக அந்தப் பெண்கள் பெயருக்கு எதிரே தோல்வி என்று எழுத நான் தயாராக இல்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று, முதல் முறையாகத் தகுதிச் சுற்று ஆடியே அடுத்த ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது அந்த ஆட்டத்தைச் சொல்லுங்கள்.