எஞ்சின் பிளாக்கில் ஓட்டை: வெல்டிங் டார்ச்சை எடுக்கும் முன்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறைகளில் முப்பது வருடத்துக்கும் மேல் எஞ்சின் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய கார்களோடுதான் பொழுது போகிறது. கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) உடைத்து வெளியே வந்த எஞ்சின் பிளாக் ஒன்றைச் சரிசெய்த படத்தைப் போட்டதிலிருந்து நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈசூனிலிருந்து: அண்ணே, என் மோரிஸ் மைனரில் கனெக்டிங் ராட் உடைந்து, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தூக்கிப் போடச் சொல்கிறார்கள். காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும் தம்பி. ஓட்டையை விட அதைச் சுற்றியுள்ள இடம்தான் முக்கியம். ராட் வெளியே வரும்போது உள்ளிருந்து சம்மட்டியால் அடித்த மாதிரிதான். விரிசல் ஓட்டையோடு நிற்காது. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, டை பெனட்ரண்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடியுங்கள். சிவப்புச் சாயம் இறங்கியதும் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழுந்து வரும். கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் கோடு வந்தால் அந்த பிளாக்கை நான் தொட மாட்டேன். சிலிண்டர் சுவர் என்றால் உள்ளே ஸ்லீவ் (உலோகக் குழாய்) போடலாம். வெறும் கிராங்க்கேஸ் (கிராங்க் சுழலும் கீழ்ப்பகுதி) பக்கச் சுவர் என்றால் நிம்மதியாக இருங்கள், அங்கே பெரிய சுமை கிடையாது.

அப்புறம், சம்ப்பில் (அடியிலுள்ள எண்ணெய்த் தட்டில்) விழுந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி வையுங்கள். அதே பிளாக்கின் துண்டை விட நல்ல ஒட்டு கிடையாது.

பிடோக்கிலிருந்து: வெல்டிங் பண்ணிவிட்டால் அரை நாளில் முடிந்துவிடுமே ஐயா?

அரை நாளில் முடியும், அடுத்த அரை மணியில் விரியவும் செய்யும். வார்ப்பிரும்பில் கார்பன் இரண்டிலிருந்து நான்கு சதவீதம் வரை இருக்கும். டார்ச் பட்ட இடம் சடாரென்று குளிர்ந்தால் அந்த கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கண்ணாடி மாதிரி உடையும் வெள்ளை இரும்பாகிவிடும். வெல்டிங் கோடு நன்றாகத்தான் இருக்கும். அதன் ஓரத்தில்தான் பிளக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் உறையை நிக்கல் வெல்டிங் ராட் வைத்து ஒட்டிவிட்டுப் பெருமையாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

வெல்டிங்தான் வேண்டுமென்றால் முழு பிளாக்கையும் அடுப்பில் ஐந்நூறு, அறுநூறு டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, சூட்டோடு ஒட்டி, ஒரு நாளுக்கு மேல் மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு எல்லா முகப்புகளையும் மறுபடி மெஷினிங் செய்ய வேண்டியிருக்கும். பக்கச் சுவர் ஓட்டைக்கு இவ்வளவு தேவையில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து: அப்படியானால் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

விரிசலை உலோகப் பின்களால் தையல் போடுவதுதான். சூடே கிடையாது, அதனால் பிளாக் கோணாது. முதலில் ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துகிறோம். துண்டை அதன் இடத்தில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு, விரிசல் மேலேயே துளையிட்டு, டேப் என்ற கருவியால் மரை வெட்டி, சீலண்ட் (கசிவடைக்கும் பசை) தடவிய மரையுள்ள பின்னை முறுக்குகிறோம். போதுமான இறுக்கம் வந்ததும் அதன் தலை தானாகவே 'டப்' என்று முறியும். மிச்சத்தை இழைத்துவிட்டு அடுத்த துளை; அது முன்னால் போட்ட பின்னையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போக வேண்டும். இப்படியே விரிசல் முழுவதும் பின்களால் நிரம்பும். பலம் தேவைப்படும் இடத்தில் விரிசலுக்குக் குறுக்கே பூட்டுத் துண்டுகள் பதிக்கிறோம்.

கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை வெட்டிப் போடாதீர்கள். அதன் மரை இறுக்க இறுக்க விரிசலை வெளியே தள்ளும். இதற்கென்றே வரும் பின்னில் மரை கொக்கி மாதிரி வளைந்து இரு பக்கத்தையும் உள்ளே இழுக்கும். வேலையின் உயிரே அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது.

துளையிடும்போது எண்ணெய் ஊற்ற வேண்டாம். வார்ப்பிரும்பு சுருளாக வராது, மை மாதிரி கறுப்புத் தூளாகத்தான் கொட்டும். விரலில் ஒட்டினால் வழவழப்பாக இருக்கும். அதிலுள்ள கிராஃபைட்டே ட்ரில்லுக்கு எண்ணெய்.

செங்காங்கிலிருந்து: துண்டுகள் தொலைந்துவிட்டன. தகடு வைத்து எபாக்ஸி போடலாமா?

தண்ணீர் ஓடும் பக்கம் இல்லாமல் எண்ணெய்ப் பக்கம் என்றால் போடலாம். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைச் சுவரின் வளைவுக்கு ஏற்பத் தட்டி, சுற்றிலும் திருகுபோட்டு, நடுவில் எபாக்ஸி. அலுமினியத் தகடு வேண்டாம். சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஒட்டு விட்டுப்போகும்.

தெம்பனிஸிலிருந்து: என் ஃபோக்ஸ்வேகன் பீட்டலுக்கும் இதே முறையா?

இல்லை. அதன் கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. துளையிட்ட தூளே தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். அந்த உலோகம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஜூரோங்கிலிருந்து, அப்பாவின் ஆஸ்டினைப் பராமரிக்கும் ஒரு பெண்: இங்கிலாந்திலிருந்து வாங்கி வந்த பிளாக்கில் தண்ணீர்ப் பக்கம் நீளவாட்டில் விரிசல். இங்கே யாரும் அதைத் தட்டவே இல்லை அங்கிள்.

அது குளிர் செய்த வேலைம்மா. கூலண்ட் (உறையாமலும் துருப்பிடிக்காமலும் காக்கும் திரவம்) போடாமல் தண்ணீரோடு நிறுத்தியிருப்பார்கள், உறைந்து விரிந்து பிளாக்கைப் பிளந்துவிட்டது. தையலுக்கு ஏற்ற விரிசல்தான். ஆனால் முதலில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். நம் ஊரில் உறைபனி இல்லை என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றுகிறார்கள்; துரு உள்ளிருந்து தின்றுவிடும். மெலிந்த சுவரில் தையல் பின்கள் நிற்காது. கூலண்ட் இங்கே துருவுக்காகத்தான் தேவை.

சுவா சூ காங்கிலிருந்து: வேறு எஞ்சினே வாங்கிப் போட்டால் என்ன?

எஞ்சின் எண் வண்டியின் பதிவில் இருக்கிறது. மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பழைய கார்களுக்கான கிளாசிக் பதிவுத் திட்டத்தில் 35 வயது தாண்டிய கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். அவ்வளவு குறைவாக ஓடும் எஞ்சினுக்கு ஒழுங்காகத் தைத்த பிளாக் தாராளமாகப் போதும். அதோடு, அந்த எண்ணோடு தொழிற்சாலையை விட்டு வந்த பிளாக் அது ஒன்றுதான். அதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

ஈசூன் தம்பி மறுபடியும்: வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது அண்ணே?

எஞ்சினைக் கட்டும் முன்பே சோதியுங்கள். தண்ணீர் வழிகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, வெந்நீர் நிரப்பி, இரண்டு பார் அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். தைத்த இடத்தில் டிஷ்யூ தாளை ஒட்டி வையுங்கள், ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும். கசிந்தால் அந்த இடத்துப் பின்னை மட்டும் எடுத்துப் புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்று: ராட் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்தீர்களா? எண்ணெய் வழியில் அடைப்பு இருந்தால் புது ராடும் அதே சுவரைத்தான் உடைக்கும். ஞாயிறு காலை கிராங்க்கோடு வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.