கிரியேட்டினின் 1.2, ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறது. கிட்னி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: அம்மாவுக்கு வயது 62, பல வருடமாகச் சர்க்கரை. ரத்தத்தில் கிரியேட்டினின் 1.2. பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கிறது. கவலைப்படாமல் இருக்கலாமா, மறுபடி எடுப்பதென்றால் வெறும் வயிற்றில் போகணுமா?

நான் லேப் டெக்னீஷியன். தினமும் என் கையில் வருகிற டெஸ்ட் இது. அந்த 'நார்மல்' என்ற ஒரு சொல்லை நம்பி ரிப்போர்ட்டை ஃபைலுக்குள் வைத்துவிடாதீர்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு ரத்தத்தில் கலக்கும், கிட்னி அதை வடிகட்டிச் சிறுநீரில் தள்ளிவிடும். வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் ஏறும். சரி, ஆனால் தசை எல்லோருக்கும் ஒரே மாதிரியா இருக்கிறது? தசை குறைந்த வயதான பெண்ணுக்குக் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அவருக்கு 1.2 வருகிறது என்றால் அது வெளியே போவது குறைந்திருக்கலாம்.

அதனால்தான் வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து இ-ஜிஎஃப்ஆர் என்று ஒன்றைக் கணக்கிடுகிறோம். கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பீடு அது. 2021-இல் திருத்திய சிகேடி-எபி சூத்திரத்தில் உங்கள் அம்மாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 51 வருகிறது. அதே 1.2 ஒரு 25 வயதுப் பையனுக்கு வந்தால் சுமார் 86. ஒரே எண், ஒரே 'நார்மல்', இடையில் இவ்வளவு வித்தியாசம்! ஆண், பெண் இருவருக்கும் ஒரே ரேஞ்ச் அச்சடிப்பதை லேப்கள் விட வேண்டும் என்பது என் கருத்து. (வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலர் இந்த 1.2-ஐ 106 மைக்ரோமோல் என்று பார்ப்பீர்கள்; அலகுதான் வேறு.)

பயப்படவும் வேண்டாம். இ-ஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே வந்தாலும், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட கிட்னி நோய் என்பார்கள். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முந்தின நாள் ராத்திரி மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தாலே கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். வாந்தி, பேதி, தண்ணீர் சரியாகக் குடிக்காதது, இவையும் ஏற்றும். ஜிம் பையன்கள் எடுக்கிற கிரியேட்டின் பவுடரும் அப்படித்தான்.

வலி மாத்திரை விஷயம் வேறு. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் வாங்கி மாதக்கணக்கில் போடுகிற அம்மாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். இவை கிட்னிக்குப் போகிற ரத்த ஓட்டத்தையே குறைக்கக்கூடியவை. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பாதிப்பு அதிகம். உங்கள் அம்மா போடுகிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள், டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் கிரியேட்டினின் சற்று ஏறுவது உண்டு. 30 சதவீதம் வரையான ஏற்றத்தைப் பெரும்பாலும் டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த மாத்திரை நாளடைவில் கிட்னியைக் காப்பாற்றுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், சர்க்கரை உள்ளவர்கள் ரத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. பலருக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். 'யூரின் ஆல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ' என்று கேளுங்கள். காலையில் முதலில் போகிற சிறுநீர் கொஞ்சம் இருந்தால் போதும். அந்த ரேஷியோ 30-க்குக் கீழே (mg/g) இருந்தால் நல்லது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது கூடுதலாகக் காட்டும், அதனால் அது சரியான பிறகு கொடுங்கள். சர்க்கரைக்கு வருடா வருடம் எடுக்க வேண்டிய டெஸ்ட் இது, ஆனால் யாரும் சொல்லாமல் கேட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

டாக்டரிடம் போகும்போது இந்த இரண்டு எண்களோடு பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். மூன்று வருடம் முன்பு 0.8 இருந்து இப்போது 1.2 என்றால் ஒரு கதை, அப்போதும் 1.2 தான் என்றால் வேறு கதை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதன் அளவையும் இ-ஜிஎஃப்ஆர் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்: 45-க்குக் கீழே போனால் யோசிப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். அம்மா ரொம்ப மெலிந்தவர் என்றால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உதவும், அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. விலை கூடுதல், எல்லா லேப்பிலும் எடுக்க மாட்டார்கள்.

வெறும் வயிறு கிரியேட்டினினுக்குத் தேவையில்லை. சுகரும் சேர்த்து எடுப்பதால்தான் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். தண்ணீர் தாராளமாகக் குடித்துவிட்டு வரலாம். முந்தின நாள் மட்டும் கறி வேண்டாம்.