டூஹனின் இடது கட்டைவிரல்

வணக்கம் சார்,
மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மிக் டூஹனை நீங்கள் ஆஸ்திரேலியாவின் பெரிய ரைடர் என்று தூக்கிப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய பெரிய எதிராளிகளில், 1993-இல் விபத்தில் வெய்ன் ரெய்னியின் நடை போனது. 1995-இல் கெவின் ஷ்வான்ட்ஸ் விலகினார். எதிராளி இல்லாத களம், கையில் சிறந்த ஹோண்டா. டுகாட்டி பைக்கில் ஜெயித்த கேசி ஸ்டோனர்தான் ஆஸ்திரேலியாவின் பெரிய ரைடர் இல்லையா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டோனர் எனக்கும் பிடித்தவர்தான். ஆனால் நீங்கள் கணக்கை, டூஹன் பட்டம் வாங்கத் தொடங்கிய 1994-இல் தொடங்குகிறீர்கள். 1992-இல் ரெய்னியும் ஷ்வான்ட்ஸும் களத்தில் இருந்தபோதே முதல் ஏழு பந்தயங்களில் ஐந்தை டூஹன் ஜெயித்திருந்தார். அப்புறம்தான் நெதர்லாந்தின் அசென் களத்தில், பயிற்சியில் விழுந்து வலது கால் உடைந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த ஓட்டம் கெட்டு, காலையே எடுக்க வேண்டிய நிலை. டாக்டர் கிளாடியோ கோஸ்டா அவரை இத்தாலிக்குக் கொண்டுபோய், இடது காலின் ரத்தம் வலது காலைக் காப்பாற்றட்டும் என்று இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்தார். படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. எட்டே வாரத்தில் பிரேசிலில் மறுபடி பைக்கில் ஏறினார். அந்த ஆண்டின் உலகப் பட்டம் ரெய்னிக்குப் போனது, நான்கே புள்ளி வித்தியாசத்தில்.

கால் பிழைத்தது, கணுக்கால் சரியாக மடங்கவில்லை. பின் பிரேக்கை மிதிப்பது வலது கால் அல்லவா? அதற்காக இடது கைப்பிடியில், கட்டைவிரலால் அழுத்தும் பிரேக் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டங்களும் அந்தக் காலோடு வாங்கியவை. இன்று கால் நன்றாக இருக்கும் மோட்டோஜிபி (பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவு) வீரர்களே கட்டைவிரல் பிரேக்கை விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். வலது வளைவில் பைக் சாய்ந்து கிடக்கும்போது மிதிக்கக் காலுக்கு இடம் இருக்காது.

சரி, ஹோண்டா விஷயம். 1997-இல் நடந்த 15 பந்தயங்களையும் ஹோண்டாதான் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். அதில் 12 டூஹனுடையவை. அலெக்ஸ் கிரிவியேவும் ததயுகி ஒகாடாவும் அதே அணி. மற்ற ஹோண்டா ரைடர்கள் பின்சக்கரப் பிடிப்புக்காக, சிலிண்டர்கள் அடுத்தடுத்து நெருக்கமாக வெடிக்கும் 'பிக் பேங்' இன்ஜினில் இருந்தபோது, சீரான இடைவெளியில் வெடிக்கும், அடக்குவதற்குக் கடினமான பழைய 'ஸ்க்ரீமர்' இன்ஜினைக் கேட்டு வாங்கி ஓட்டியவர் இவர். நல்ல பைக்தான் காரணம் என்றால் அந்த 12 அவர்களுக்கும் பங்காகியிருக்க வேண்டுமே?

1999-இல் ஸ்பெயினின் ஹெரெஸில் மறுபடி விழுந்து, அந்த ஆண்டே ஓய்வை அறிவித்தார். அதற்குள், அன்றைய உச்சப் பிரிவான 500 சிசியில் 54 வெற்றிகள்.