கை வெடிக்கிறது என்று கெமிஸ்ட்ரியை விட வேண்டாம்

அக்கா, நேற்று வெள்ளவத்தையில் இருந்து கெமிஸ்ட்ரி படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, கை இப்படி வெடிக்கிறதே, கோர்ஸை நிறுத்தட்டுமா என்று கேட்டுக் கண் கலங்கினீர்கள், அந்த நேரம் சொல்ல முடியாததை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். கோர்ஸை நிறுத்த வேண்டாம், முதலில் கையைப் பார்ப்போம்.

விரல் இடுக்குகளில் தோல் காய்ந்து, மோதிர விரலடியில் கோடு கோடாக வெடித்திருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டேன். டெஸ்ட் டியூப்பில் மார்க்கரால் எழுதியதை அசிட்டோனில் நனைத்த பஞ்சால் அழிப்பாளாம், கையில் பட்ட மையையும் அதாலேயே கழுவுவாளாம். அசிட்டோன், ஹெக்சேன், டொலுவீன் எல்லாம் எண்ணெயைக் கரைப்பவை அக்கா, தோலைக் காக்கிற எண்ணெய்ப் பசையையும் விட்டுவைக்காது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அப்படிக் கழுவினால் எந்தத் தோல் தாங்கும்? கையுறை போடுகிறேனே என்கிறாள். மெல்லிய நைட்ரைல் கையுறைக்குள் அசிட்டோன் சில நிமிடத்தில் ஊறிவிடும், டைகுளோரோமீதேன் என்ற இன்னொரு கரைப்பான் அதைவிட வேகம். நனைந்தால் உடனே கழற்றி எறிய வேண்டும், அதோடு வேலை செய்வதுதான் பெரிய பிழை.

நான் வைத்தியர் இல்லை. தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டி ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இது எரிச்சலால் வந்ததா, ஒவ்வாமையால் வந்ததா? ஒவ்வாமை என்று சந்தேகப்பட்டால் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்லலாம். சந்தேகப்படுகிற பொருட்களை வைத்த சின்ன ஒட்டுகளை முதுகில் 48 மணித்தியாலம் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது, கொழும்பு வெக்கையில் அது லேசில்லை, ஆகவே பரீட்சைக் கிழமையில் வேண்டாம்.

எரிச்சல்தான் என்றால் பழக்கத்தை மாற்றி, கை கழுவும் ஒவ்வொரு முறையும் கிரீம் பூசினால் சில கிழமைகளில் தேறிவிடும். ஒவ்வாமை என்றாலும் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருளுக்குத்தான், சில நேரம் இரப்பர் கையுறையில் சேர்க்கிற இரசாயனத்துக்கே இருக்கும், அப்போது கையுறையை மாற்றினால் போதும். திசுக்களைக் கெடாமல் வைக்கிற ஃபோமலினுக்கு என்றால் திசு பரிசோதிக்கிற லாப் வேலையை விட்டுவிடலாம். கருவிப் பகுப்பாய்வு, தரக்கட்டுப்பாட்டு ஆவணங்கள், கணினியில் செய்கிற கெமிஸ்ட்ரி என்று கை அதிகம் நனையாத வேலைகள் இதே படிப்பில் இருக்கின்றன. சின்ன வயதில் அவளுக்கு எக்சிமா என்கிற தோல் அரிப்பு நோய் இருந்ததா என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள், இருந்திருந்தால் நாள் முழுக்கக் கை கழுவ வேண்டிய வேலைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கிளினிக் போகும்போது கையுறைப் பெட்டியின் படத்தையும், அவள் தொடுகிற திரவங்களின் பட்டியலையும் கொண்டு போகச் சொல்லுங்கள். லீவில் கை ஆறியதா, லாப் தொடங்கியதும் திரும்ப வந்ததா என்பதை வைத்தியர் கட்டாயம் கேட்பார்.