வட்டு கெடவில்லை, பொறுத்துப் பாருங்கள்

வணக்கம். ‘கிரெம்லின்ஸ் 2’ என்ற ஹாலிவுட் படத்தின் பாதியில் ஃபிலிம் கருகித் திரை வெளுத்துவிடுகிறது, வட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள்! நிறுத்தாமல் சற்றுப் பொறுங்கள். அதே வெள்ளைத் திரையில் நீண்ட காதுள்ள நிழல்கள் கைகளால் உருவம் காட்டும். கதைப்படி, புரொஜக்டர் அறை கிரெம்லின்ஸ் எனும் அந்தக் குட்டிப் பிசாசுகளிடம் சிக்கிவிட்டது. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து அதட்டிய பிறகுதான் படம் தொடரும்.

1990இல் இயக்குநர் ஜோ டான்டே திரையரங்குக்காகச் செய்த குறும்பு இது. வீடியோ கேசட்டில் வேறு காட்சி: கேசட் சிக்கியதுபோல் புள்ளிகள் பறக்கும், சேனல்கள் மாறும், கௌபாய் பட நாயகன் ஜான் வெய்ன் துப்பாக்கியோடு வருவார். பழுதைக்கூட இடத்துக்கேற்ப மாற்றிய அந்த அக்கறைக்காகவே முதல் படத்தைவிட இதை நேசிக்கிறேன். வசூலில் முதல் படத்தை எட்டாவிட்டாலும், இதற்கென்றே உயிரை விடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மற்றவர்களோடு பார்த்தால் இந்த இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.